கொலுப்படியில் எண்பத்து நாலு தவளை

ஹலோ... ஹலோ, செல்வராஜ் சாரா? மில்பிடாஸ்ல வளர்ப்பு மீன் கடை வெச்சிருக்கீங்களே... ஆமா ஆமா, தமிழ்தான். நான் ஜலஜா, சான் ரமோன்லேருந்து பேசறேன். கோவில்ல வசந்தாமணி உங்க நம்பர் கொடுத்தாங்க... அவங்களேதான். உங்ககிட்ட ஆமை வாங்கினாங்களே... ம், நல்லா இருக்காம். அவங்களை விட வேகமா நடக்குதாம்.

இல்லை சார், நான் எதுவும் வாங்கலை. விக்கணும்... தவளை... தவளை சார், தவளை!... ஒண்ணு இல்லை. எண்பத்து நாலு... ஹலோ? இருக்கீங்களா?... சரி, சிரிச்சு முடிங்க. நான் வெயிட் பண்றேன்.

ஆச்சா?... சேச்சே, தோட்டத்துல பிடிச்சது இல்லை. நீலக் கலர்ல கறுப்புப் புள்ளி, கட்டை விரல் நீளம்... ஆமா, டார்ட் ஃப்ராக், காட்டுல இருக்கற விஷத் தவளை ஜாதி. எங்க வீட்டுக்காரர் ஜம்புநாதன் வீட்டுலயே ப்ரீட் பண்ணினது... விஷமா? எனக்கும் முதல்ல அதே பயம்தான். வீட்டுல வளர்த்த குட்டி ஈயைத் தின்னு வளர்றதுங்களுக்கு விஷம் கிடையாதாம்... யாரு சொன்னாங்களா? அவர்தான்... வேற என்ன பண்றது சார், இருபத்தி ரெண்டு வருஷமா அவர் சொல்றதை நம்பித்தான் குடும்பம் ஓடுது.

மொத்தமா எடுத்துக்கோங்க, மொத்த விலை போட்டுத் தரேன். ஒரே விஷயம், புதன்கிழமைக்குள்ள எடுக்கணும்... என்ன அவசரமா? வியாழக்கிழமை நவராத்திரி. என் கொலுப்படி ஏழும் அதுங்க கையில இருக்கு... ஆமா சார், கொலுப்படியில! 'ரெண்டு தொட்டிதான், டெம்பரரி'ன்னு சொல்லி வெச்சார். இப்போ படி முழுக்கத் தொட்டி. செட்டியார் பொம்மையெல்லாம் கராஜ்ல பெட்டிக்குள்ள இருக்கு.

பதினஞ்சா?... சார், நீங்க அம்பது டாலருக்கு விக்கறீங்க. போன சனிக்கிழமை கடைக்கே வந்து போர்டைப் பாத்துட்டுத்தான் போன் பண்றேன்... ஆமா, பச்சைச் சுடிதார், நான்தான். சும்மா பாக்கறேன்னு சொன்னேன்ல, சும்மாத்தான் பாத்தேன்... இருபத்தஞ்சு... இருபதா? சரி, இருபது. பிள்ளையார் புண்ணியத்துல முடிச்சுக்கலாம்.

ஒரு நிமிஷம் சார்... ஏன்னா, பேப்பரை மூஞ்சிக்கு நேரா ஆட்டாதீங்கோ, படிக்கறேன்... பக்கத்துலதான் நிக்கறார் சார். கண்டிஷன் எழுதிக் கொடுத்திருக்கார். மொத்த வியாபாரம்தான், ஆனா பொண்ணைக் கொடுக்கற மாதிரி வீடு வீடா விசாரிக்கணுமாம்... சிரிக்காதீங்க, படிக்கறேன். பாம்பு வளர்க்கறவங்களுக்குத் தீனியாக் கொடுக்கக் கூடாது. ஜோடியைப் பிரிக்கக் கூடாது. காலையில தொட்டில தண்ணி தெளிச்சுட்டுத்தான் கடையைத் திறக்கணும்... ஆமா, எனக்கு ஒரு காபி போட்டுக் கொடுத்ததில்லை, அதுங்களுக்கு மட்டும் விடிகாலையில எழுந்துடுவார். அப்பா தவளை குஞ்சை முதுகுல ஏத்தி தண்ணிக்குக் கொண்டுபோய் விடுமாம், தெரியுமா? என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். எங்க மாளவிகா பொறந்தப்போ ஒரு டயப்பர் மாத்தலையே நீங்கன்னேன். 'அது தவளை, ஜலஜா'ங்கறார்.

எப்படி ஆரம்பிச்சதுன்னா... போன வருஷம் பிப்ரவரில இவருக்கு லே ஆஃப் சார். கூட வேலை பாத்தவரும் அன்னிக்கே போனார். அவர் ஊருக்குத் திரும்பறப்போ தான் வளர்த்த ரெண்டு ஜோடித் தவளையை இவர் கையில கொடுத்துட்டுப் போயிட்டார்... இல்லை இல்லை, பணத்துக்குக் கஷ்டம் இல்லை, எனக்கு வேலை இருக்கு. மனசுதான்... ம்... ஆமா. போன வருஷம் கொலுவே வைக்கலை. இந்த வருஷம் வெச்சே ஆகணும்னுதான்...

என்னது? உங்க கடையில பத்துக்கு நாலு செத்துப் போகுதா?... இங்கயா? இருங்க... ஏன்னா, நம்மாத்துல எத்தனை செத்தது?... ஒண்ணுதானாம். ரோஜாச் செடிக்கு அடியில புதைச்சார். அன்னிக்கு ராத்திரி சாப்பிடலை.

அவர் வந்து பாக்கணுமா? கடைக்கா?... கேக்கறேன். ஏன்னா, உங்களைக் கடைக்குக் கூப்பிடறார்... வேண்டாம்னு தலையை ஆட்டறார். இன்டர்வியூக்குக் கூட இப்படித்தான் சார். வாசல்ல குப்பைத் தொட்டி வரைக்கும்தான் போவார்... எப்படிச் சாகுதுன்னு கேக்கறார் சார்... காலை நீட்டி விறைச்சுக்குதா... ஏன்னா, விறைச்சுக்கறதாம்... ஈ மேல கால்சியம் பவுடர் தூவறீங்களான்னு கேக்கறார்... தூவறதே இல்லையா! ஐயோ, தூவறதில்லையாம்... சார், நீங்க இப்போ இவர் முகத்தைப் பாக்கணும். நீங்க குழந்தையைப் பட்டினி போட்ட மாதிரி... ஏன்னா, எங்கே போறேள்? கார் சாவியா?... ஷேவ் பண்ணவா!

...சார், மாடிக்குப் போயிட்டார். கால்சியம் பவுடர் டப்பாவைக் கையில எடுத்துக்கிட்டுப் போறார். இதோ கிளம்பிடுவார், 680 ஹைவேல டிராஃபிக் இருந்தா ஒரு மணி நேரம் ஆகும்... இவருக்கு வேலை கொடு வேலை கொடுன்னு அம்பாளை ஒன்றரை வருஷமாப் படுத்திட்டேன். வாசல் தாண்ட வைன்னு கேக்கத் தோணலை பாருங்க.

ஒரு உதவி பண்ணுவீங்களா? நீங்க சொன்ன பதினஞ்சே இருக்கட்டும், எனக்குச் சம்மதம். ஆனா அவர்கிட்ட அதை உடனே சொல்லிடாதீங்க. பத்துலேருந்து ஆரம்பிங்க. ஒரு டீ வாங்கிக் கொடுத்து நல்லா பேரம் பேசுங்க. ஒவ்வொரு தொட்டியாக் காட்டி ஏதாவது கேளுங்க, தெரிஞ்சாலும் தெரியாத மாதிரி. அவர் வெளியாளோட உக்காந்து பேசி ரொம்ப நாளாச்சு சார்... ஐயோ, நீங்க எதுக்குத் தேங்க்ஸ் சொல்றீங்க? நான்தான்... சாயந்திரம் வரைக்கும் கூட வெச்சுக்கோங்க, நான் தேட மாட்டேன்.

நவராத்திரிக்கு வீட்டம்மாவோட வாங்க, கட்டாயம். சுண்டல் உண்டு. ஒரு ஜோடியை விக்கலை, கீழ்ப்படியில வைக்கப் போறேன். ஜீவராசியெல்லாம் அங்கதானே... மாட்டேன் மாட்டேன், அவர்கிட்ட இப்போ சொல்ல மாட்டேன். அவரே கெஞ்சிக் கேக்கட்டும்.

இறங்கி வரார். அட, இஸ்திரி போட்ட சட்டை!... ஆமா சார், இருபதுக்கு ஒரு பைசா குறையாது, சொல்லிட்டேன்! மீதியை அவர்கிட்டயே பேசிக்கோங்க. வெச்சுடறேன்.