அரக்குப் பாவாடை

நந்தகுமார்: வேலு... அது வாணாம். வேற எதுனா கட்டிக்க.

வேல்விழி: எது வாணாம்?

நந்தகுமார்: அந்தப் பாவாட.

வேல்விழி: ஏன், கிழிஞ்சிருக்குதா?

நந்தகுமார்: கிழியல.

வேல்விழி: அழுக்கா?

நந்தகுமார்: அழுக்கும் இல்ல. கம்பெனியில ஆயுத பூஜ. எல்லாரும் பொண்டாட்டி புள்ளைங்களோட வருவாங்க. நீ மட்டும் அந்தக் காலத்துப் பாவாட சட்ட, மேல துண்டுன்னு வந்து நின்னா... நல்லாவா இருக்கும்?

வேல்விழி: தண்ணிக்குப் போறேன், கடைத்தெருவுக்குப் போறேன், எல்லாத்துக்கும் இப்பிடித்தான் போறேன். அப்பல்லாம் நல்லாதான இருந்துச்சு?

நந்தகுமார்: அது தெரு. இது கம்பெனி. செராமிக் எஸ்டேட்டுல பாதிப் பேரு வந்து நிப்பான்.

வேல்விழி: நிக்கட்டும். நான் என்னா அவுத்துப் போட்டுட்டா வரேன்? கழுத்துலேர்ந்து கணுக்காலு வரைக்கும் மூடித்தான இருக்குது.

நந்தகுமார்: பொட்டியில அந்த மயில்கழுத்து சீலை இருக்குதுல்ல? எங்கம்மா எடுத்தது. அதக் கட்டிக்கயேன்.

வேல்விழி: சீலை கட்டுனா பாதி மனசு கொசுவத்துலயே இருக்குதுங்க. அவுந்துருமோ, தடுக்கிடுமோன்னு. பாவாடன்னா நாடாவ இறுக்கிக் கட்டிட்டு மறந்துடலாம். காலு எனக்குச் சொந்தமா இருக்குது.

நந்தகுமார்: கல்யாணமான பொம்பள பேசற பேச்சா இது? தெருவுல இருக்கறவள்லாம் நைட்டி போடறா. நீ அதுகூடப் போட மாட்டேங்கற...

வேல்விழி: பூஜைக்கு நைட்டி போட்டுக்கிட்டு வரட்டா?

நந்தகுமார்: வெளையாடாத வேலு.

வேல்விழி: நீங்கதான வெளையாடறீங்க? துணிய கொண்டாந்து குடுத்ததே நீங்க. "உனக்குத்தான் பாவாடன்னா உசுராச்சே, தெச்சிக்க"ன்னீங்க. நெனப்பிருக்குதா?

நந்தகுமார்: ...இருக்குது.

வேல்விழி: அப்ப இன்னிக்கு என்னா வந்துச்சு?

நந்தகுமார்: ஒண்ணும் வரல. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, சொன்னா கேளேன்.

ஆராயி: என்னா சத்தம் பக்கத்து வூட்டுல? கவர்மெண்டு டிவிய வெச்சிருக்கேன், அதையும் மீறிக் கேக்குது!

வேல்விழி: வாங்கக்கா. பூஜைக்கு நான் என்னா கட்டிக்கறதுன்னு பஞ்சாயத்து நடக்குது.

ஆராயி: இதுக்கா? எங்க, திரும்பு... ஒரு சுத்து சுத்து. அடியம்மா, என்னா விரிப்பு! கீழ மூணு டக்கு மடிப்பு, ஓரத்துல பட்டுக் கரை... கருப்பு வெள்ளப் படத்துலதான் இப்பிடிப் பாத்திருக்கேன்.

நந்தகுமார்: கேட்டியா? அதையேதான் நானும் சொல்றேன்.

ஆராயி: தம்பி, நான் அழகா இருக்குதுன்னு சொல்றேன். தெருவுல நின்னு சிரிக்கறவள்லாம் வூட்டுக்குள்ள போயி, நமக்கு ஒண்ணு இருந்தா என்னான்னுதான் நெனைக்கறாளுவ. எங்க தம்பி எடுத்த துணி? என்னா கனம்!

நந்தகுமார்: செதம்பரத்துல.

ஆராயி: போன தடவ கேட்டப்ப திட்டக்குடின்ன?

நந்தகுமார்: திட்டக்குடி... ஆமா, இது திட்டக்குடி. பழசுதான் செதம்பரம்.

ஆராயி: எங்கியோ ஒண்ணு. பச்சமுத்து பொண்டாட்டி கமலம்கூட அன்னிக்குக் கொழாயடியில இதப் புடிச்சிப் பாத்துட்டு வுட மாட்டேன்னா. பாவம், உங்க கம்பெனியில அந்த மனுசனைத் திருடன்னு சொல்லி நிறுத்துனதுலேர்ந்து அந்த வூடு வூடா இல்ல.

நந்தகுமார்: அக்கா, நேரமாவுது. கெளம்பணும்...

ஆராயி: இரு தம்பி. விசயம் தெரியுமா? பச்சமுத்து கொளஞ்சியப்பரு கோயில்ல பிராது கட்டிட்டாராம்.

நந்தகுமார்: ...எப்ப?

ஆராயி: போன வெள்ளிக்கெழம. "நான் எடுக்கல சாமி, எடுத்தவன நீயே காட்டு"ன்னு எழுதிக் கட்டிட்டு வந்திருக்காரு. அந்த சாமிகிட்ட கட்டுன பிராது சும்மா போவாது, பாத்துக்க. என்னா தம்பி, இப்பிடி வேர்க்குது உனக்கு?

நந்தகுமார்: கரண்டு இல்லல்ல...

ஆராயி: காத்தாடி தலைக்கு மேல ஓடுதே!

வேல்விழி: அக்கா, பொரி கடலை வாங்கி வெச்சிருக்கேன். சாயங்காலம் வாங்க, குடுக்கறேன்.

ஆராயி: தொரத்தற... சரி சரி, போறேன். பாவாடைய மட்டும் மாத்தாதடி!

நந்தகுமார்: ...போயிட்டாங்களா?

வேல்விழி: போயிட்டாங்க.

நந்தகுமார்: கதவச் சாத்து.

வேல்விழி: சாத்திட்டேன். ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. எங்கூட வர்றது உங்களுக்கு வெக்கமா இருக்குதா?

நந்தகுமார்: சே... என்னா பேச்சு இது?

வேல்விழி: "பாவாடக்காரி புருசன்"னு கேலி பண்றாங்களே, அதுவா?

நந்தகுமார்: அதெல்லாம் இல்ல.

வேல்விழி: கடைத்தெருவுல என்னை வுட்டுட்டு முன்னால நடக்கறீங்க. பஸ்ஸுல தள்ளிப் போயி உக்காருறீங்க. என்னப் பாத்தாத்தான் கூசுது போலன்னு நானும் மாசக்கணக்கா நெனச்சிக்கிட்டேன். தெச்ச பாவாடைய எல்லாம் மூட்ட கட்டி யாருக்குனா குடுத்துடலாம்னுகூட எடுத்து வெச்சேன். மனசு வரல...

நந்தகுமார்: உன்னப் பாத்து இல்ல வேலு.

வேல்விழி: அப்ப யாரப் பாத்து?

நந்தகுமார்: துணியப் பாத்து.

வேல்விழி: துணிக்கு என்னா?

நந்தகுமார்: அது... கடையில வாங்குனது இல்ல. பிரஸ் துணி. கம்பெனியில களிமண்ணுக் கரைசல ஊத்தித் தண்ணியப் புழிவோம்ல, அந்தத் துணி. பழசானா பின்னால தூக்கிப் போட்டுருவாங்க. அதத்தான் எடுத்தாந்தேன். மொதலாளி ஒரு பார்வையில கண்டுபுடிச்சிருவாரு. குப்பையில கெடந்தத பொண்டாட்டிக்குக் கட்டிவுட்டிருக்கான்னு நாலு பேரு பேசுனா... என்னால தல நிமிர முடியாது.

வேல்விழி: தெரியும்.

நந்தகுமார்: என்னா தெரியும்?

வேல்விழி: பிரஸ் துணின்னு. மொதத் துணிய நனைச்சன்னிக்கே தெரியும். அண்டாத் தண்ணி பாலு மாரி வெளுத்துப் போச்சு. உங்க சட்டையத் தொவைச்சா வர்ற அதே மண்ணு. நடுவுல வட்டமா ஓட்ட வேற. எந்த ஊருக் கடையில துணிய ஓட்ட போட்டு விக்கறான்? அதுக்குத்தான் இத்தினி மடிப்பு. சுடிதாரு தெச்சா அந்த ஓட்ட நேரா வயித்துல வந்து நிக்கும். அந்தக் காலத்துப் பாவாட மாரி அடுக்கடுக்கா மடிச்சாத்தான் உள்ள போயி ஒளிஞ்சிக்கும். ஊரு என்னைப் பாவாடப் பைத்தியம்னுது. சொல்லிட்டுப் போவட்டும், எனக்குப் புடிக்கவும் புடிச்சிருந்துச்சு.

நந்தகுமார்: தெரிஞ்சும் எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கலியே...

வேல்விழி: நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன். தூக்கிப் போட்ட துணிதான, அதுல என்னா குத்தம்?

நந்தகுமார்: அதான... குத்தம் ஒண்ணும் இல்ல. ஆனா பாக்கறவன் அப்பிடி நெனைக்க மாட்டான். அந்த மயில்கழுத்து சீலைய...

வேல்விழி: இதுவும் தூக்கிப் போட்டதுதானா?

நந்தகுமார்: எது?

வேல்விழி: இந்த அரக்குப் பாவாட. ஆடி மாசம் கொண்டாந்தீங்களே.

நந்தகுமார்: ...ஆமா.

வேல்விழி: என் மொகத்தப் பாத்துச் சொல்லுங்க.

நந்தகுமார்: ஆமான்னு சொல்றேன்ல!

வேல்விழி: இத நனைச்சப்ப மண்ணு வரலைங்க. கஞ்சிதான் வந்துச்சு. புதுத்துணி. ஒரு நாளுகூடப் பிரஸ்ஸுல ஏறல.

நந்தகுமார்: மெல்லப் பேசு. அக்கா காதுல வுழும்...

வேல்விழி: மெல்லத்தான் பேசறேன். உங்களுக்குத்தான் பெருசாக் கேக்குது.

நந்தகுமார்: கறை புடிச்சதையே எத்தினி நாளைக்கு அவ சாயம் போட்டுக் கட்டுவான்னு... ஒண்ணே ஒண்ணு நல்லதாக் குடுக்கலாம்னு தோணிப் போச்சு வேலு. ஸ்டோரு ரூமுல கட்டாக் கெடந்துச்சு. ஒண்ணு கொறஞ்சா யாரு பாக்கப் போறான்னு, சட்டைக்குள்ள சுத்திக்கிட்டு வந்துட்டேன்.

வேல்விழி: ஸ்டோரு சாவி பச்சமுத்து அண்ணங்கிட்ட இருந்துச்சு.

நந்தகுமார்: அவர நிறுத்துவாங்கன்னு சத்தியமா நெனைக்கல. நிறுத்துனன்னிக்கு நானும் அங்கதான் நின்னேன். வாயத் தொறந்தா நம்ம சோறும் போச்சேன்னு... அவரு என்னப் பாத்து, "தம்பி, நீயாவது சொல்லேன், நான் அப்பிடிப்பட்டவனா"ன்னு கேட்டாரு. நான் தரையப் பாத்துக்கிட்டு நின்னேன். இப்பப் பெண்ணாடம் பக்கம் கரும்பு வெட்டப் போறாரு. பஸ் ஸ்டாண்டுல தூரத்துல அவரு தலையப் பாத்தாலே கடைக்குப் பின்னால போயி நின்னுக்கறேன். ஆம்பளையா நானு? தூ...

வேல்விழி: உங்கள மட்டும் சொல்லிக்காதீங்க. கஞ்சி வந்தப்பவே புதுசுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சாயம் போட்டேன், கரை வெச்சேன். ஆசைங்க. இப்பிடி ஒரு துணி என் கையில பட்டதே இல்ல. அன்னிக்குக் கொழாயடியில கமலம் அக்கா இந்த ஓரத்தப் புடிச்சிக்கிட்டு, "என்னா நல்ல துணிடி வேலு"ன்னாங்க. நான் பல்லக் காட்டிச் சிரிச்சேன். அப்புறந்தான், அவரு மேல எதத் திருடுனதாப் பழி போட்டாங்கன்னு அவங்களே சொன்னாங்க... புதுப் பிரஸ் துணி ஒண்ணுன்னு. அந்த ஓரம் இன்னும் அவங்க கையிலதான் இருந்துச்சு.

நந்தகுமார்: குடு.

வேல்விழி: என்னாத்த?

நந்தகுமார்: அத அவுத்துக் குடு. அடுப்புல போட்டுடலாம். சாம்பலாப் போச்சுன்னா யாருக்குத் தெரியப் போவுது?

வேல்விழி: கொளஞ்சியப்பருக்கு?

நந்தகுமார்: நீ வேற பயமுறுத்தாத வேலு. குடு...

வேல்விழி: குடுக்க முடியாதுங்க. இதத்தான் கட்டிக்கிட்டு வரச் சொல்லியிருக்காங்க.

நந்தகுமார்: யாரு சொன்னது?

வேல்விழி: மொதலாளியம்மா.

நந்தகுமார்: அவங்கள நீ எங்க பாத்த?

வேல்விழி: நேத்து அவங்க வூட்டுக்குப் போனேன்.

நந்தகுமார்: ஐயோ... என் பேரச் சொல்லிட்டியா?

வேல்விழி: பாத்தீங்களா, மொதல்ல உங்க பேருதான் உங்களுக்கு நெனப்பு வருது. சொல்லல. "மத்தியானச் சோறு கொண்டாந்தப்ப ஸ்டோரு தொறந்து கெடந்துச்சும்மா, நான்தான் சுருட்டிக்கிட்டுப் போயிட்டேன், பச்சமுத்து அண்ணன் மேல பழி வாணாம்"னு சொன்னேன். "அப்ப அந்தப் பாவாடையோடவே பூஜைக்கு வா, பச்சமுத்துவையும் வரச் சொல்றேன், எல்லாரு முன்னாலயும் உன் வாயால சொல்லு"ன்னுட்டாங்க. சொல்லத்தான் போறேன். சாமி படத்துக்கு முன்னால நின்னு பொய்யி சொல்லப் போறேன். நெசத்தச் சொல்ல வேண்டிய வாயி என்னுது இல்ல, உங்களுது. சட்டையப் போடுங்க, நேரமாவுது.