ரஞ்சன்குடிக்கு அப்பால் மரம் கிடந்த சாலை

பருத்திச் செடிகளுக்குள் ஓடுகிறேன். செருப்பு எங்கோ போய்விட்டது. பின்னால் கண்ணாடி நொறுங்குகிறது. இரண்டு முறை. பிறகு, அக்காவான என்னைக் கூப்பிடும் தம்பி ஜப்பாரின் குரல்.

"லாத்தா, நிக்காத! ஓடு!"

1997, ஜனவரி. வெள்ளிக்கிழமை. காலை ஏழு மணி இருக்கும். தம்பி நான்கு வருடம் கழித்து துபாயிலிருந்து வந்திருந்தான். எங்களைப் பெற்ற அத்தாவும் நானும் திருச்சி ஏர்போர்ட்டுக்குப் போய் அவனை அழைத்துக்கொண்டு லப்பைக்குடிக்காட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். வேனை ஓட்டியவர் குரும்பலூர் செல்வராஜ். கல்யாண வீடோ மௌத்து விழுந்த வீடோ, எங்களுக்கு அவர் வண்டிதான். ரஞ்சன்குடிக் கோட்டையைத் தாண்டி, கிளைச் சாலையில் திரும்பினோம். குறுக்கே ஒரு வேலமரம். வெட்டிய இடம் ஈரமாக இருந்தது. செல்வராஜ் அதைப் பார்த்துவிட்டார். வண்டியைப் பின்னுக்கு எடுத்தார். அதற்குள் கல் விழுந்தது.

நான்கு பேர். முகத்தில் துண்டு. கையில் அரிவாள்.

வரப்பு தடுக்கி விழுகிறேன். திரும்பிப் பார்க்கிறேன். ஒருவன் அத்தாவின் தாடியைப் பிடித்து இழுக்கிறான். அந்தக் கையில் சுண்டுவிரல் இல்லை. செல்வராஜ் ஓடியிருக்கலாம். அவரை யாரும் பிடிக்கவில்லை. குறுக்கே போய் நின்றார்.

"வயசானவருய்யா! பொட்டியத் தூக்கிட்டுப் போங்க, அவர வுட்டுருங்க!"

அரிவாள் இறங்கியது. ஈரத்துணியைக் கல்லில் அடிக்கும் சத்தம். ஒரே தடவை.

பெட்டிகளோடு சோளக்காட்டுக்குள் போய்விட்டார்கள். தம்பி வேனைத் திருப்பினான். செல்வராஜின் தலை என் மடியில். பெரம்பலூர் ஆஸ்பத்திரி வருவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

எட்டாம் நாள் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். சுவரோரம் ஒருவர் நின்றிருந்தார். முருகேசன். அரும்பாவூர்ப் பக்கம் கல் உடைக்கிறவர். இன்ஸ்பெக்டர் அவரைக் காட்டிக் கேட்டார்.

"தாடியப் புடிச்சு இழுத்தது இவன்தானம்மா? அவனே ஒத்துக்கிட்டான்."

பார்த்தேன். இரண்டு கையிலும் விரல்கள் முழுதாக இருந்தன. அத்தா என் காதருகே குனிந்தார்.

"ஆமான்னு சொல்லிரும்மா. வூட்டுக்குப் போயிரலாம்."

அவருக்குப் பயம். எனக்கும் பயம். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வெளியே வந்துவிட்டேன்.

மறுநாள் காலை ஸ்டேஷனுக்குத் தனியாகப் போனேன்.

"இவரு இல்லைங்க சார். அவனுக்குச் சுண்டுவிரல் கெடையாது. எங்க வேணாலும் வந்து சொல்றேன்."

சம்பவத்தன்று முருகேசன் வேலையில் இருந்ததாகக் குவாரி மேஸ்திரியும் அன்றே வந்து சொன்னார். விட்டுவிட்டார்கள். முருகேசனை இரண்டு பேர் தாங்கி வெளியே கொண்டுவந்தார்கள். முந்தின நாள் அவர் கால்கள் நன்றாகத்தான் இருந்தன.

போனவை இவை. ஆறு பெட்டிகள். செல்வராஜ், வயது முப்பத்தொன்று. அவர் மனைவி மலர்க்கொடிக்கு அப்போது ஏழாம் மாதம். தம்பி நாற்பதாம் நாள் விமானம் ஏறினான். பின்னாளில் அத்தாவை அடக்கிய ஜனாஸாவுக்கும் வரவில்லை. அந்தக் காலைக்குப் பிறகு அத்தா மூன்று வருடம் இருந்தார். அந்தச் சாலைப் பக்கம் மறுபடி போகவே இல்லை. அந்த நால்வர் யாரென்று இன்றுவரை தெரியாது.

முருகேசனின் வலது கால். ஸ்டேஷனுக்குள் அதை முறித்தவர்கள் முகத்தில் துண்டு கட்டியிருக்கவில்லை. நான் வாய் திறக்காமல் வந்த அந்த ஒரு நாளில் நடந்தது. அதையும் சேர்த்தே சொல்கிறேன்.