மெதுவாகப் போங்கள் என்று சொல்லாதவள்

என் பருப்பில் சோடா உப்பு கிடையாது, சார். சந்தேகம் இருந்தால் இன்னொரு கரண்டி ஊற்றிக்கொள்ளுங்கள். கீழே சில விடுதிகளில் வெள்ளைக்காரர்களின் சாப்பாட்டில் எதையோ கலந்து, வயிற்றைக் கெடுத்து, ஹெலிகாப்டரில் ஏற்றி, காப்பீட்டுப் பணத்தைப் பங்கு போட்டார்கள் என்று பேச்சு. நீங்களும் அதை நினைத்துத்தான் காலையில் காட்மாண்டுவிலிருந்து விசாரணைக்கு வந்து இறங்கியதும் என் அடுப்படியைக் குடைந்தீர்கள். என்னை அந்தத் திருட்டுக் கூட்டத்தோடு சேர்க்காதீர்கள். என் கையால் சாப்பிட்டு யாருக்கும் வயிறு வலித்ததில்லை.

நெற்றியைத் தேய்க்கிறீர்களே. விடிவதற்கு முன்பே கிளம்பியிருப்பீர்கள். தூக்கம் கெட்டதால் வரும் வலி, வேறொன்றுமில்லை. உப்புத் தேநீர் குடியுங்கள். இருமல் சத்தம் உள்ளே படுத்திருக்கும் தன்ராஜுடையது. மூட்டை சுமப்பவன், நேற்று மேலிருந்து இறங்கி வந்தான். அவனைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் என் கணவர் ஞால்சென். மலையேற வருகிறவர்களின் மூட்டையைச் சுமந்தே முதுகு வளைந்தவர். ஒரு சீசனில் மேல் முகாமிலிருந்து இறங்கி வந்தபோது நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. மூச்சு விட்டால் பானையில் தண்ணீர் கொதிக்கிற சத்தம். ஹெலிகாப்டர் கம்பெனிக்குப் போன் போட்டேன்.

"காப்பீட்டு எண் சொல்லுங்கக்கா."

"மூட்டை தூக்குறவருக்கு ஏது தம்பி அதெல்லாம்?"

"அப்ப காசுக்கு யாரு பொறுப்பு?"

"நான்தான். இந்த விடுதியையே எழுதித் தர்றேன், ஆளை அனுப்பு."

"கேட்டுட்டுக் கூப்பிடறேன்."

அவன் கூப்பிடவில்லை. ஆனால் அன்று மதியமே ஹெலிகாப்டர் வந்தது, பக்கத்து விடுதியில் பேதி கண்ட ஒரு வெள்ளைக்காரருக்காக. என் உருளைக்கிழங்கு வயலில்தான் இறங்கியது. உள்ளே இரண்டு இருக்கை காலி. விமானி என் முகத்தைப் பார்க்காமல், "மேலிடத்து உத்தரவு இல்லக்கா" என்றான். என் கணவரைக் கூடையில் உட்காரவைத்து, முதுகில் சுமந்து இறக்கினார்கள். பாதி வழியிலேயே முடிந்துவிட்டது. ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். எங்கள் ஊரில் அது ஹெலிகாப்டரும் ஏறாது.

அடுத்த சீசனில் ஒன்று கற்றுக்கொண்டேன். ஒரு சுமைக்காரன் என் சமையலறையில் சுருண்டு கிடந்தான். அதே நேரம் ஒரு பெல்ஜியப் பெண்ணுக்கும் உடம்புக்கு முடியாமல் போய், அவளுக்கு ஹெலிகாப்டர் வந்தது. அவள் கண்ணில் படும்படி அவனைத் தூக்கி வந்து வாசலில் உட்காரவைத்தேன். அவள் பார்த்துவிட்டு, "இவரும் வரட்டும்" என்றாள். விமானி அவனையும் ஏற்றிக்கொண்டான். காசுக்கு ஆள் இருக்கிற வாயிலிருந்து வந்தால் அதுதான் உத்தரவு. அவன் பிழைத்து இன்றும் மூட்டை சுமக்கிறான்.

ஆக, எங்களில் ஒருவர் படுத்தால் அவர்களில் ஒருவரும் படுக்க வேண்டும். இது நான் போட்ட சட்டமில்லை, சார். போட்டவர்களை நீங்கள் விசாரிக்கப் போவதும் இல்லை.

எப்படிச் செய்தேன் என்கிறீர்கள். எங்கள் மலையில் விருந்தாளியை வழியனுப்பும்போது 'பிஸ்தாரி' என்போம். மெதுவாகப் போங்கள் என்று அர்த்தம். நீங்களும் நேபாளிதான், ஆனால் உங்கள் ஊரில் அது வெறும் வார்த்தை. இங்கே உயிரைக் காப்பதே அதுதான். உயரத்துக்கு உடம்பு பழக என் விடுதியில் ஒரு நாள் சும்மா கிடக்க வேண்டும். கிடந்தவர் தப்பிப்பார். எங்களில் யாராவது படுத்துவிட்டால் நான் சாப்பாட்டு அறைக்குப் போவேன். பூட்ஸ் கயிற்றைக் கட்டி நிமிரும்போது யாருக்குக் கண் சொருகுகிறது, யார் அதை மறைக்கிறார் என்று பார்ப்பேன். அவருடைய கிண்ணத்தை நிரப்பி, "உங்களுக்கு எதுக்கு ஓய்வு? ஷெர்பா உடம்புல்ல உங்களுக்கு" என்பேன்.

அவ்வளவுதான். மனிதர் மறுநாளே மேலே கிளம்பிவிடுவார். பிறகு குதிரை முதுகில் வாந்தியோடு திரும்பி வருவார். ஹெலிகாப்டர் வரும், காலி இருக்கையில் எங்கள் ஆள் ஏறுவான். அவரும் ஊருக்குப் போய்த் தன் வீரத்தைக் கதை கதையாகச் சொல்வார். நான் எதையும் கலக்கவில்லை. புகழ்ந்தேன். புகழ்ந்தவளைச் சிறையில் போட உங்களிடம் சட்டம் இருந்தால் போடுங்கள்.

பிழைத்த எங்கள் ஆட்களின் பெயரெல்லாம் சொல்வேன். வெள்ளைக்காரர்களின் பெயர் நினைவில்லை. ஒலாவ் பெயர் மட்டும் மறக்கவில்லை.

அப்போது என் மகள் சோக்கிக்கு நிறைமாதம். பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்றாள் மருத்துவச்சி. முன்னமே கீழே போகச் சொன்னேன், சீசன் முடியட்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். வலி வந்துவிட்டது. நடந்து இறங்கும் நிலையில் அவள் இல்லை. அன்று விடுதியில் இருந்தது ஒலாவ் என்ற நார்வே பள்ளிக்கூட வாத்தியாரும் அவருடைய வழிகாட்டி கெலுவும்தான். ஒலாவிடம் புகழ்ச்சி எடுபடவில்லை. "நான் கிழட்டு ஆமைக்கா" என்று சிரித்தார். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைக்கிற ஆள்.

காலையில் அவரே சமையலறைக்கு வந்தார். அவர் சொன்னதைக் கெலு எடுத்துச் சொன்னான்.

"தலை வலிக்குதாம். இன்னிக்குத் தங்கிடலாமான்னு உங்களைக் கேக்கச் சொல்றாரு. நீங்க சொன்னா சரியா இருக்குமாம்."

அவர் உதடு நீலம் பாரித்திருந்தது. நின்ற இடத்தில் கால் தடுமாறியது. ஏறக் கூடாத உடம்பு, உடனே இறக்க வேண்டிய உடம்பு. ஆனால் இறங்கச் சொன்னால் ஹெலிகாப்டர் கேட்காமல் நடந்தே இறங்கிவிடுகிற ஆள். திரைக்குப் பின்னால் சோக்கி பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள்.

"ஒண்ணுமில்லைன்னு சொல்லு. தூக்கம் கெட்டதால வர்ற வலி. நடந்தா சரியாப் போயிடும்."

கெலு என்னை ஒரு மாதிரி பார்த்தான். ஆனாலும் என் பேச்சைத் தட்டிப் பழக்கமில்லாதவன். ஒலாவ் கும்பிட்டுவிட்டு நடந்தார். வாசலில் நின்று ஒருமுறை திரும்பினார். வழக்கமாக நான் சொல்லும் சொல்லுக்குக் காத்திருந்தார் என்று நினைக்கிறேன். நான் சொல்லவில்லை.

மதியம் மேலேயே விழுந்துவிட்டார். ஹெலிகாப்டர் அவரை ஏற்றிக்கொண்டு என் வயலில் இறங்கியது. கெலுதான் விமானியிடம் சண்டை போட்டு அதை அங்கே இறக்கவைத்தான். சோக்கியை ஏற்றினேன். ஒலாவின் தலை என் மகள் மடியில்தான் இருந்தது. காட்மாண்டு போய்ச் சேருமுன் அவர் போய்விட்டார். அன்றைக்கே என் பேரன் பிறந்தான்.

புகார் கொடுத்தது யார் என்று நீங்கள் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம். திரைக்குப் பின்னால் இருந்தவள் ஒருத்திதான். அதன் பிறகு போனில் ஒரே ஒரு முறை பேசினாள்.

"அந்த மனுஷன் என் மடியில செத்தாரும்மா. நீ சொன்னது எனக்குக் கேட்டுச்சு."

"நீ உசுரோட இருக்கேல்ல?"

போனை வைத்துவிட்டாள். பேரனை நான் இன்னும் பார்க்கவில்லை. அது வலிக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனாலும் புகார் கொடுக்க அவள் இருக்கிறாளே. எழுதிக்கொள்ளுங்கள்: சாவார் என்று தெரிந்துதான் ஒலாவை அனுப்பினேன். நல்ல மனிதர். அவருக்காகக் கோயிலில் விளக்கு ஏற்றியிருக்கிறேன்.

எழுத்து கோணுகிறதே, சார். பேனாவைக் கீழே வையுங்கள். காலையில் உங்களை இறக்கிவிட்ட விமானி, நீங்கள் அடுப்படியைக் குடைந்துகொண்டிருந்தபோது, காத்திருக்கவா என்று என்னைத்தான் கேட்டான். சாருக்கு நிறைய வேலை இருக்கிறது, நாளைக்கு வா என்று அனுப்பிவிட்டேன். நேராகக் காட்மாண்டுவிலிருந்து இந்த உயரத்துக்கு வந்தவர் மதியத்துக்குள் இறங்கியிருக்க வேண்டும். நானும் நாலு வார்த்தையில் முடிய வேண்டியதை இருட்டும்வரை இழுத்துவிட்டேன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள்.

பயப்படாதீர்கள், நீங்கள் பிழைத்துக்கொள்வீர்கள். போன் போட்டாயிற்று. காலியாகத் திரும்புகிற அதே ஹெலிகாப்டரில் தன்ராஜை ஏற்றச் சொல்லிக் காலையில் கேட்டபோது காப்பீட்டு எண் கேட்டார்கள். உங்கள் பெயரைச் சொன்னதும் ஒன்றும் கேட்கவில்லை, விடிந்ததும் வருகிறார்கள். அவனை வாசலில் உங்கள் பக்கத்திலேயே உட்காரவைக்கிறேன். நீங்கள் நிறையப் பேச வேண்டாம், சார். "இவரும் வரட்டும்" என்று சொன்னால் போதும்.