திறந்து கிடந்த விலாசம்

தேநீருக்கு நன்றி. காலையில் அது இல்லாமல் எனக்கு ஓடாது. எங்கள் டஸ்டிக்கு இதய மாத்திரை அப்படி. பதினோரு வயது நாய், பரம சாது. ஒருநாளும் அதைக் கட்டிப்போட்டதில்லை. ஏப்ரலில் என் மனைவி ஃபிலிப்பா அதையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். எங்கே என்று சொல்லவில்லை. நான் நெருங்கக் கூடாது என்று நீதிமன்ற உத்தரவு வேறு. யாரோ அவள் மனதைக் கலைத்திருக்க வேண்டும்.

டனீடின் நகரில் எங்கள் அலுவலகம் கால்நடை மருத்துவர்களுக்கு மென்பொருள் எழுதுகிறது. இந்தத் தென்தீவில் உள்ள நாய்களில் பாதியின் விவரம் எங்கள் கணினியில்தான். நியாயமாக, நாயின் சொந்தக்காரர் விலாசத்தை நிரலின் ஒரே பகுதிதான் வைத்திருக்க வேண்டும். மற்றவை அதனிடம் கேட்க வேண்டும், யார் கேட்டது என்று பதிவாக வேண்டும். எங்களுடையதில் தடுப்பூசியை நினைவூட்டும் பகுதிகூட நேரே கைவிட்டு எடுத்துக்கொள்ளும். ஒரு தடயமும் இருக்காது.

பக்கத்து மேசை மெரியானாதான் வெள்ளிக்கிழமை அதைக் கண்டுபிடித்தாள்.

"ஆலிஸ்டர், என்னப்பா இது? விலாசமெல்லாம் பப்பரப்பேன்னு திறந்து கிடக்கு."

"நாய்க்கு ஊசி போடறதுல என்ன ராணுவ ரகசியம்?"

"நாய்க்கு இல்ல, சரி. ஒளிஞ்சு வாழற பொம்பளைக்கு இருக்கும்ல?"

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். அந்த மாதம் எல்லோரும் அப்படித்தான் பார்த்தார்கள், தேநீர் இடைவேளையில் சீஸ் ரோல் தட்டை நீட்டும்போதுகூட. இவர்களில் யார் ஃபிலிப்பாவோடு பேசுகிறார்கள் என்று நானும் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை நான் பார்த்தபோது, டஸ்டிக்காக ஃபிலிப்பா புது மருத்துவரிடம் கொடுத்திருந்த விலாசம் திறந்தே இருந்தது. ரிவர்டன், கடலோரத்தில் மூன்றாவது வீடு. நான் எதையும் உடைக்கவில்லை. பூட்டே இல்லாத இடத்தில் என்னைத் திருடன் என்பது என்ன நியாயம்? அவள் மாத்திரையை மறந்துவிடுவாள், எனக்குத் தெரியும். கொடுத்துவிட்டு வரலாம் என்றுதான் மூன்று மணி நேரம் ஓட்டிப் போனேன்.

முன்கதவை அவள் திறக்கவில்லை. பின்கதவு திறந்திருந்தது. அப்புறம் நடந்ததை உங்கள் போலீஸ்காரர்கள் எடுத்த படங்களில் பார்த்திருக்கிறீர்கள். டஸ்டி கொஞ்ச நேரம் குரைத்தது.

மெரியானாவைக் குறை சொல்லாதீர்கள், பாவம். திங்கட்கிழமையே அவள் அந்த ஓட்டையை மூடிவிட்டாள். செவ்வாய் காலையில் மறுபடி திறந்தது நான். ஊசி நினைவூட்டல்கள் நின்றுவிடக் கூடாதே என்றுதான்.

மாத்திரையா? இல்லை, வாங்கவில்லை. வழியில் ஒரே ஒரு கடையில்தான் நின்றேன். கயிறு வாங்கினேன். நாயைக் கட்டத்தான்.