ஏணியிலிருந்து பம்புக்கு

— என்னை ஏணி வேலையிலேர்ந்து எடுத்துப் பம்புல போடுங்கன்னா என்னடா மச்சான் அர்த்தம்?

— பம்புல போடுங்கன்னுதான் அர்த்தம், மாமா.

— மாமாவெல்லாம் வீட்ல. தீயணைப்பு நிலையத்துல நான் உனக்கு ஆபீசர்.

— சரி சார். பம்புல போடுங்க சார்.

— அது இடுப்புப் பிடிச்சவனுக்குக் கொடுக்கிற வேலை. மூணாவது மாடியிலேர்ந்து குழந்தையைத் தோள்ல போட்டுக்கிட்டு இறங்கினவன் கேக்கிற இடமா? ஊரே உன்னைத் தலையில தூக்கி வச்சு ஆடுது.

— ஆடட்டும். எனக்குப் பின்னாடி ஏறுற குட்டையனோட கைக்கட்டை இன்னும் பிரிக்கலை.

— அது அவன் தலையெழுத்து.

— இல்ல சார். குழந்தையை இறக்கினதும் விசில் ஊதினீங்க, இனி யாரும் உள்ள போகாதீங்கன்னு. குட்டையனும் வேணாம்னு என் தோளைத் தட்டினான். நான் திரும்பவும் உள்ள போனேன். முன்னாடி போறவனை விட்டுட்டுப் பின்னாடி வர்றவன் இறங்கக் கூடாது, அது நம்ம சட்டம். வந்தான். கை வெந்துச்சு. நான் நுழைஞ்ச அறையில ஆளே இல்ல, ஒரு கட்டிலும் மேசையும்தான் இருந்துச்சு.

— பயந்துட்டேன்னு சொல்லிடு. குத்தமில்லை. உங்க அக்காவும் அப்படித்தான் நினைக்கிறா.

— பயம் இருந்தா ஏணியிலேயே இருப்பேன். பயப்படுறவன் காதுலதான் விசில் ஏறும். எனக்கு ஏறலை.

— பெரிய ஞானி.

— ஞானியா இருந்தா தூங்கியிருப்பேனே. தீயை அணைச்ச அன்னைக்கு மட்டும் கட்டை மாதிரி தூங்குறேன். மத்த நாளெல்லாம் மணி எப்ப அடிக்கும்னு படுத்துக் கிடக்கேன். யார் வீடாவது எரியாதான்னு காத்துக்கிட்டிருக்கேன் சார். என் சுபாவம் இதுதான்னு புரிஞ்சப்புறம்தான் கொஞ்சம் சோறு இறங்குது.

— லீவு எடு.

— லீவுல இன்னும் மோசம். பம்புல நின்னா தண்ணி அழுத்தம் காட்டுற முள்ளைவிட்டுக் கண்ணை எடுக்க முடியாது. நான் நகர்ந்தா உள்ள இருக்கிறவனுக்குத் தண்ணி நின்னுடும். என்னைக் கட்டிப்போட வேற கயிறு கிடையாது.

— பேச்செல்லாம் நல்லாத்தான் இருக்கு. நான் நம்பலை. ஏணிக்கு நீதான். போ.

— மணி அடிக்குது சார்.

— எனக்கும் காது இருக்கு. ஓடு… டேய், நில்லு. பம்புக்குப் போ.

— இப்பதானே நம்பலைன்னீங்க?

— மணி அடிச்சப்போ உன் மூஞ்சியைப் பாத்தேன். சிரிச்சேடா.