ரெண்டாவது சாட்சி

— இறங்க மாட்டேன் மாப்ள. சீட்டுலயே ஒட்டிக்கிட்டான்னு உள்ள போய் சொல்லிடு.

— சுருக்கமா சொல்லு மச்சான். பிறையைப் பார்த்தியா, பார்க்கலயா?

— பார்த்தேன்.

— அப்புறம் என்ன நடுக்கம்? பள்ளிவாசல் கேட்டை மறிச்சு பஸ்ஸை நிறுத்திட்டு, கதவைச் சாத்திட்டு, விளக்கை அணைச்சிட்டு... டெப்போவுல விட வேண்டிய வண்டிடா இது. யாராவது பார்த்தா நீ பஸ்ஸைக் கடத்திட்டு வந்துட்டேன்னு நினைப்பாங்க.

— அதாவது மாப்ள... பார்க்கிறது வேற, சாட்சி சொல்றது வேற. வாய் தவறி "பிறை"ன்னு கத்திட்டேன். அவ்வளவுதான், பின்னாடி இருந்த ஜனம் மொத்தமும் எழுந்திருச்சு. இறங்கினவங்க ஆளுக்கொரு தெருவுக்குச் செய்தியை அள்ளிக்கிட்டுப் போயிட்டாங்க.

— எனக்கே தெரியும். நான் கடை ஷட்டர்கிட்ட போறதுக்குள்ள செய்தி வந்துருச்சு. "டெய்லரே, உங்க மச்சான் பிறை பார்த்துட்டாராம், என் சட்டை எங்க"ன்னு ஒருத்தன் வந்து காலரைப் பிடிக்கிறான். என் காலரை! அவன் சட்டைக்கு இன்னும் காலரே வைக்கல.

— உனக்கு உன் சட்டைக் கவலை.

— பின்ன இருக்காதா? இன்னைக்கு நோன்பு இருபத்தொன்பதுதான், இந்த மேகத்துல எவனும் பிறை பார்க்கப் போறதில்ல, முப்பது நோன்பு பூர்த்தி பண்ணுவோம், நாளைக்கு ஒரு முழுப் பகல் கையில இருக்குன்னு நம்பி உட்கார்ந்திருந்தேன். பாதி சட்டைக்கு பட்டனே இல்ல. நாளைக்குப் பெருநாள்னா பாதி ஊரு நெஞ்சைக் கையால பொத்திக்கிட்டுதான் தொழ வரணும்.

— சிரிக்க வைக்காத மாப்ள, சிரிக்கத் தெம்பு இல்ல.

— நோன்பு திறந்து என்ன சாப்பிட்ட?

— ஒரு பேரீச்சம்பழம். அத்தோட சரி. அந்தப் பால்காரர் ஞாபகம் இருக்கா உனக்கு?

— பிளேன் பிறை?

— பார்த்தியா, அவரோட சொந்தப் பேரு உனக்கே தெரியல! பாவம், பிளேன் விட்டுட்டுப் போன புகையைப் பிறைன்னு சொன்னாரு. நல்ல வேளை, மைக்ல சொல்றதுக்குள்ள புகை கலைஞ்சிருச்சு. எத்தனை வருஷம் ஆச்சு! இன்னும் அவர் வாசல்ல சின்னப் பசங்க "பாய், இன்னைக்கு எத்தனை மணி ஃப்ளைட்"னு கேக்குறாங்க. மனுஷன் வானத்தைப் பார்க்கிறதையே விட்டுட்டாரு. தலையைக் குனிஞ்சுக்கிட்டே பால் ஊத்துறாரு.

— சரி, அப்ப பார்க்கலன்னு சொல்லிடு. சுருக்கமா முடிஞ்சது. நானும் போய் பட்டன் தைக்கிறேன்.

— அது எப்படிடா முடியும்? நான் பார்த்திருக்கேனே! நிஜமாவே பிறை வந்திருந்து, நான் வாயை மூடிக்கிட்டேன்னு வை, நாளைக்கு ஊரே பெருநாள் அன்னைக்கு நோன்பு வைக்கும். பெருநாள்ல நோன்பு வைக்கிறது ஹராம். பிறை வராம இருந்து நான் வந்துச்சுன்னு சொல்லிட்டேன்னு வை, ஊரே ரமலான் பகல்ல உட்கார்ந்து சாப்பிடும். அதுவும் ஹராம். இந்தப் பக்கம் திருப்பினாலும் பள்ளம், அந்தப் பக்கம் திருப்பினாலும் பள்ளம். ஸ்டியரிங் மட்டும் என் கையில.

— கதவைத் திறங்க தம்பி.

— ஐயோ மச்சான், இமாம் ஹஜ்ரத்தே இறங்கி வந்துட்டாரு. திற, திற.

— அஸ்ஸலாமு அலைக்கும்.

— வ அலைக்குமுஸ்ஸலாம் ஹஜ்ரத். நானே வரணும்னுதான்... அதாவது... உட்காருங்க. அந்த சீட் வேணாம், ஸ்பிரிங் குத்தும். இங்க உட்காருங்க.

— டெய்லர் தம்பியும் இருக்கீங்களா? நல்லது. நிதானமா பேசுவோம். உள்ள அத்தனை பேர் நடுவுல உங்களை நிறுத்திக் கேட்டா பதறிடுவீங்கன்னுதான் நான் வந்தேன்.

— இங்கயே பதறிக்கிட்டுதான் இருக்காரு ஹஜ்ரத். நான் ஒண்ணு கேக்கட்டுமா? எதுக்கு இந்த மனுஷனைப் போட்டு வாட்டணும்? கடல் தாண்டி எங்கயோ பார்த்துட்டாங்கன்னு எல்லா மொபைல்லயும் வந்தாச்சு. அதை எடுத்துக்கிட்டா ஆகாதா?

— எடுத்துக்கிற ஊரும் இருக்கு தம்பி. நம்ம பள்ளியில எடுக்கிறதில்ல. நபியோட தோழர்கள், சஹாபாக்கள் காலத்துலயே இது வந்துருச்சு. ஒருத்தர் சிரியாவுல இருந்து மதீனாவுக்கு வந்து, "நாங்க வெள்ளிக்கிழமை ராத்திரியே பிறை பார்த்துட்டோம்"னாரு. மதீனாவுல சனிக்கிழமைதான் பார்த்திருந்தாங்க. "நாங்க பார்த்த கணக்குலதான் போவோம்"னு சொல்லிட்டாங்க. யோசிச்சுப் பாருங்க, இந்த மார்க்கம் ஒட்டகத்துல போச்சு, கப்பல்ல போச்சு. யாவாரத்துக்குப் போனவங்க இறங்கின துறைமுகத்துல எல்லாம் பள்ளி வந்துச்சு, பாங்கு வந்துச்சு. ஆனா வானம் அவங்க கூட கப்பல் ஏறிப் போகல. போன இடத்துல எல்லாம் புதுசா அண்ணாந்து பார்த்துதான் ஆகணும்.

— அண்ணாந்து பார்த்தவன் கதிதான் இது, ஹஜ்ரத்.

— பயப்படாதீங்க டிரைவர் தம்பி. பாரம் உங்க தலையில மட்டும் இல்ல. பெருநாளுக்கு ரெண்டு சாட்சி வேணும். ஒண்ணு ஏற்கெனவே இருக்கு. நீங்க ரெண்டாவது.

— இருக்கா? யாரு ஹஜ்ரத்? ஊரே மொட்டை மாடியில ஏறி நின்னு மேகத்தைத்தானே பார்த்துட்டு இறங்குச்சு!

— அது இருக்கட்டும். முதல்ல இவரைக் கேட்டுக்கிறேன். தம்பி, அல்லாஹ்வுக்காக உள்ளதை உள்ளபடி சொல்லுங்க. எப்போ பார்த்தீங்க?

— பாங்கு சொல்லி முடிஞ்சிருச்சு ஹஜ்ரத். பேரீச்சம்பழத்தை வாயில போட்டுக்கிட்டே ஓட்டுறேன். பாலம் தாண்டி மில் ரோடு வரும்ல, அங்க. மேகம் துணி கிழிஞ்ச மாதிரி ஒரு இடத்துல விட்டுச்சு. அதுக்குள்ள.

— எவ்வளவு நேரம்?

— ஒரு ஹாரன் அடிக்கிற நேரம். அவ்வளவுதான். மறுபடி மூடிருச்சு.

— பிளேன் புகையா இருக்குமோ?

— இல்லவே இல்ல ஹஜ்ரத். புகை பஞ்சு மாதிரி பிசிறும். இது நகம் வெட்டிப் போட்ட மாதிரி, அவ்வளவு சுத்தமா இருந்துச்சு. எனக்குப் புல்லரிச்சிருச்சு. இப்ப நினைச்சாலும்... கையைப் பாருங்க.

— நிதானமா. கண்ணை மூடிக்கிட்டு சொல்லுங்க. ரெண்டு கொம்புல எந்தக் கொம்பு மேல தூக்கியிருந்துச்சு?

— இடது கொம்பு.

— இடதா?

— ஆமா. இடது கொம்பு தூக்கி, வயிறு இடப்பக்கம் சாய்ஞ்சு, தொட்டில் ஒரு பக்கம் இறங்கின மாதிரி.

— நல்லா யோசிச்சு சொல்லுங்க தம்பி.

— யோசிக்க ஒண்ணுமில்ல ஹஜ்ரத். இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது. இடதுதான்.

— என்ன ஹஜ்ரத், முகம் இப்படிப் போயிருச்சு? மச்சான், என்னடா சொல்லிட்ட நீ?

— இன்னைக்கு சூரியன் பிறைக்கு வலப்பக்கமா இறங்கியிருக்கு தம்பி. வெளிச்சம் அந்தப் பக்கம் இருந்துதான் விழும். வயிறு வலப்பக்கம்தான் சாயணும், வலது கொம்புதான் தூக்கியிருக்கணும். நீங்க சொல்ற மாதிரி ஒரு பிறை இன்னைக்கு வானத்துல வர வழியே இல்ல.

— வழியே இல்லயா?

— இல்ல.

— அப்ப நான் பார்த்தது என்ன? யா அல்லாஹ்... ஒரு பஸ் ஜனத்துக்கு நடுவுல கத்திட்டேனே! இந்நேரம் ஊருல பாதிப் பேரு பெருநாள்னு குளிச்சிட்டிருப்பாங்களே! பால்காரருக்குப் பக்கத்துலயே ஒரு வீடு பார்த்துக் குடுங்கடா எனக்கு.

— சரி சரி, விடு மச்சான். பசி மயக்கம். அப்ப நாளைக்கு நோன்பு, அப்படித்தானே ஹஜ்ரத்? முப்பது பூர்த்தி? நான் கடைக்குக் கிளம்பட்டா?

— வேற என்ன பண்றது... முப்பதுதான். மைக்ல சொல்லிடறேன். இதுக்காக யாரும் உங்களைக் கேலி பண்ணாம நான் பார்த்துக்கிறேன் தம்பி.

— நீங்க வேற ஹஜ்ரத், கேலி பண்ணாம இருக்க முடியுமா? நானே ஆரம்பிக்கிறேன். மச்சான், உன் வண்டி பாலம் தாண்டினா எங்க பார்த்துப் போகும்? கிழக்கே. பிறை எங்க வரும்? மேற்கே. உனக்கென்ன பின் மண்டையில கண்ணா?

— பின் மண்டை எதுக்குடா? மிரர் எதுக்கு இருக்கு?

— என்ன சொன்ன?

— சைடு மிரர்லதான் பார்த்தேன். அதுல என்ன இப்ப?

— தம்பி! மிரர்லயா பார்த்தீங்க?

— ஆமா ஹஜ்ரத். பின்னாடி ஒரு லாரி ஒட்டிக்கிட்டே வந்தான். அவனைப் பார்க்கிறேன், லாரிக்கு மேல பிறை நிக்குது.

— இதை ஏன் முதல்லயே சொல்லல?

— நீங்க எப்போ பார்த்தீங்கன்னு கேட்டீங்க, சொன்னேன். நான் பகல் முழுக்க பாதி ஊரை மிரர்லதான் பார்க்கிறேன் ஹஜ்ரத். எங்களுக்கு அது தனியா ஒண்ணு இல்ல, அதுவும் கண்ணுதான். லைசென்ஸ் குடுக்கிறப்பவே அப்படித்தான் பழக்குறாங்க.

— திரும்பி ஒரு தடவை பார்த்திருக்கக் கூடாதா?

— எப்படித் திரும்புறது? முன்னாடி சைக்கிள்ல ஒரு அம்மா பிள்ளையை உட்கார வச்சுக்கிட்டுப் போறாங்க. வண்டி நிறைய ஜனம். ஸ்டாப்பிங்ல நிறுத்திட்டு எட்டிப் பார்த்தேன். மேகம் மூடிருச்சு.

— ஹஜ்ரத்... ஒரு நிமிஷம். என்னைப் பாருங்க. நேரா பாருங்க. என் சட்டைப் பாக்கெட் உங்களுக்கு எந்தக் கைப்பக்கம் இருக்கு?

— வலது கைப்பக்கம். எதுக்குத் தம்பி?

— மச்சான், லைட்டைப் போடு. இப்ப அங்க தலைக்கு மேல இருக்கிற மிரர்ல என்னைப் பாருங்க ஹஜ்ரத். பாக்கெட் எந்தப் பக்கம்?

— இடது... இடது கைப்பக்கம்.

— அவ்வளவுதான். சுருக்கமா சொல்லிட்டேன். டிரையல் ரூம்ல நின்னுக்கிட்டு "வலது கையைக் குறைங்க"ன்னு இடது கையைக் காட்டுற கஸ்டமரை நான் தினம் பார்க்கிறேன். மச்சான் மிரர்ல இடது கொம்பைப் பார்த்திருந்தா, வானத்துல அது வலது கொம்பு. நீங்க சொன்ன அதே பிறை.

— மாப்ள! நீ நல்லா இருப்படா!

— எங்க நல்லா இருக்கிறது? வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா இந்நேரம் பட்டன் தைச்சுக்கிட்டு இருப்பேன். நாளைக்கு அவன் என் காலரைக் கையோட பிச்சுக்கிட்டுப் போவான்.

— இல்லாத ஒண்ணை இவரு கற்பனை பண்ணியிருந்தா, எல்லாரும் மனசுல வச்சிருக்கிற மாதிரி நேராத்தான் சொல்லியிருப்பாரு. தலைகீழா சொன்னாரு பாருங்க... சுப்ஹானல்லாஹ். பிறை வந்திருக்கு.

— அப்ப முடிஞ்சது ஹஜ்ரத்! வாங்க உள்ள போவோம், நான் சத்தியம் பண்றேன். இப்ப எனக்கு நடுக்கமே இல்ல.

— உட்காருங்க தம்பி. முடியல. இப்பதான் ஆரம்பிச்சிருக்கு. தண்ணியிலயோ மிரர்லயோ தெரியற பிம்பத்தைப் பார்த்தா அது பிறையைப் பார்த்த கணக்குல சேராதுன்னு சில பெரியவங்க கிதாபுல எழுதி வச்சிருக்காங்க. கண்ணு நேரா பிறை மேல விழணுமாம்.

— பிறை இருக்கு, ஆனா நான் பார்க்கல. அப்படியா ஹஜ்ரத்?

— பேசாம மிரர்ங்கிற பேச்சையே எடுக்காதீங்க ஹஜ்ரத். பள்ளிவாசல் கமிட்டிக்காரங்க கேட்டா மச்சான் "பார்த்தேன்"னு மட்டும் சொல்லட்டும். பொய் இல்லையே!

— டெய்லர் தம்பி, சாட்சியில கொஞ்சத்தை மறைச்சாலும் அது சாட்சி இல்ல.

— சரி ஹஜ்ரத், என்னை விடுங்க. அந்த முதல் சாட்சி இருக்காருல்ல, நேரா பார்த்தவரு? அவரை வச்சு ஏதாவது பண்ண முடியாதா?

— ஆமா, கேக்கணும்னு நினைச்சேன் ஹஜ்ரத். வலது கொம்புதான் தூக்கியிருக்கணும்னு அவ்வளவு அடிச்சு சொன்னீங்களே. சூரியன் கணக்கு சரி. ஆனா மச்சான் இடதுன்னதும் உங்க முகம் செத்துப் போச்சு. கணக்கு தப்பினதுக்கு யாருக்கும் முகம் அப்படிப் போகாது. யாரு ஹஜ்ரத் அந்த முதல் சாட்சி?

— நான்தான் தம்பி. பாங்கு சொல்லி முடிச்சதும் மினாராப் படியில தனியா நின்னேன். மில் பக்கம் மேகம் கிழிஞ்சது. நேராத்தான் பார்த்தேன். ஆனா ரெண்டு கண்ணுலயும் புரை வந்திருக்கு, ஆபரேஷன் பண்ணணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. தெரு விளக்கே எனக்கு ரெண்டாத் தெரியுது. கமிட்டியில யார்கிட்டயும் சொல்லல, தொழ வைக்க வேற ஆளைப் பார்த்துருவாங்களோன்னு பயம். உங்க வாயில இருந்து வலதுன்னு வந்துட்டா போதும், என் கண்ணு பொய் சொல்லலன்னு தைரியமா எழுந்து நிக்கலாம்னுதான் ஓடி வந்தேன். இப்ப வந்துருச்சு, ஆனா மிரர் வழியா வந்திருக்கு. உள்ள மைக்கைப் போட்டு வச்சுக்கிட்டு ஊரே காத்திருக்கு. புரைக் கண்ணு நேரா பார்த்தது ஒண்ணு, நல்ல கண்ணு மிரர்ல பார்த்தது ஒண்ணு, ரெண்டையும் சேர்த்தா ரெண்டு சாட்சி ஆகுமா, இல்ல ஒண்ணுகூட ஆகாதா... சீக்கிரம் சொல்லுங்க தம்பி, நீங்க என்ன நினைக்கிறீங்க?