நீலப் பக்கம் மேலே

எனக்குக் காப்பி தருபவர்கள் பாதிக் கோப்பைதான் ஊற்றித் தருவார்கள். கை நடுக்கம் வந்து வெகு காலம் ஆகிறது. அதற்கு முன், நெப்ராஸ்காவில் நான் பில்லியர்ட்ஸ் ஆடி ஆட்களை ஏமாற்றாத மதுக்கடை குறைவு. நடுக்கம் வந்தபின் கோலை என் மனைவி ஆர்லீன் எடுத்துக்கொண்டாள். என்னைவிட நன்றாகவே ஆடினாள். அதைச் சொல்வதில் எனக்கு வருத்தமில்லை.

தொழில் எளிது. அவள் தனியாகப் போவாள், பீரைக் கையில் வைத்துக்கொண்டு அசட்டுச் சிரிப்புச் சிரிப்பாள், முதலில் தோற்பாள். பொம்பளைதானே என்று அவர்கள் பணயத்தை ஏற்றியதும் வழித்துத் துடைத்துவிடுவாள். நான் பிறகு போய், அவளைத் தெரியாதவன்போல, அடுத்த ஆட்டம் எனக்கு என்று மேசை விளிம்பில் ஒரு நாணயத்தை வைத்துவிட்டு நிற்பேன். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அங்கே எல்லோரும் அப்படித்தான் இடம் பிடிப்பார்கள். நாணயத்துக்குப் பக்கத்தில், கோல்நுனியில் தேய்க்கும் நீலச் சாக்கட்டி; தேய்க்கிற ஒரு பக்கம் தவிர மற்றதெல்லாம் காகிதம் ஒட்டியிருக்கும். நீலப் பக்கம் மேலே இருந்தால் ஆடு. கவிழ்ந்திருந்தால் ஆபத்து, தோற்றுப் பணத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்பு. அவள் கண் பந்தில் இருக்கும். ஆட்களைக் கவனிப்பது என் வேலை.

அன்று மழையில் அறுவடை நின்றுபோய், வேலையில்லாதவர்கள் மத்தியானமே கடையில் நிறைந்திருந்தார்கள். வண்டியை விட்டு இறங்கும் முன் ஆர்லீன் சொன்னாள்.

"இதோட சரி, வெண்டெல். நாளைக்கு நான் அக்கா வீட்டுக்குப் போறேன். நீ வர வேணாம்."

"நான் என்ன பண்ணுவேன்?"

"தெரியல. நிஜமாவே தெரியல."

கோபத்தில் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

உள்ளே டுவேன் என்ற டிராக்டர் மெக்கானிக் அவளிடம் தோற்றுக்கொண்டிருந்தான். லாரிக்காரன் ஒருவன் அவன் காதைக் கடித்தது, பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

"டேய், போன வருஷம் எங்க ஊரையே மொட்டையடிச்சவ இவதான்டா. அப்பவும் இதே இளிப்பு."

"அப்படியா சங்கதி?"

டுவேன் நிதானமாகப் போய்க் கதவைத் தாழிட்டான். ஆர்லீனுக்குக் கதவு முதுகுப்பக்கம்.

சாக்கட்டி என் கையில் இருந்தது. நீலப் பக்கம் மேலே இருக்கும்படி வைத்தேன். ஆர்லீன் அதைப் பார்த்தாள், பணயத்தை இரட்டிப்பாக்கினாள்.

கொஞ்சம் மிரட்டுவார்கள், பயந்துபோய் என்னோடு இருந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அவர்கள் அவள் கைகளை மேசை விளிம்பில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கோலின் தடித்த முனையால் விரல் விரலாக உடைத்தார்கள். அத்தனை பேருக்கு நடுவில் நான் என்ன செய்ய முடியும்?

"பெருசு, இவளத் தெரியுமா உனக்கு?" என்றான் ஒருவன்.

"இல்லப்பா. மழைக்கு ஒதுங்கினேன்."

ஆர்லீன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அந்த வலியிலும் என் பக்கம் திரும்பவில்லை.

இப்போது அவளால் ஒரு கரண்டியைப் பிடிக்க முடியாது. அக்காவுக்கு ரொட்டிக்கடை, அங்கே இவளை வைத்துப் பார்த்துக்கொள்ள யாருக்கு நேரம்? நான்தான் ஊட்டுகிறேன், தலை வாருகிறேன், சட்டைப் பொத்தான் போடுகிறேன். ஒரு பொத்தானுக்கே வெகு நேரமாகும். பொறுமையாக நிற்பாள். நாங்கள் இவ்வளவு நெருக்கமாக எப்போதும் இருந்ததில்லை.

நேற்று அப்படி நிற்கும்போது கேட்டாள்.

"அன்னைக்குக் கட்டியக் கவுக்கத்தானே பாத்த? கை நடுங்கிடுச்சா?"

"ஆமாம்மா."

"பாவம் நீ," என்று என் கைமேல் அந்த விரல்களை வைத்தாள்.

அன்று என் கை நடுங்கவே இல்லை.